யாசீன் ஓதி முடியும் வரை

சுனாமிக்கு மறு வருஷம், ஐப்பசி, ஞாயிறு. அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர்.

படுக்கையில் விழுந்துவிட்ட காதர் அண்ணனைச் சேர்க்க, மகனோடு ஒரு நர்சிங் ஹோம் பார்க்கப் போனேன். தரை பளபளத்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தண்ணீர்க் கோப்பை எட்டாமல் தவித்தார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவருடைய மணியை அழுத்திவிட்டு, ஆள் வர எவ்வளவு நேரமாகிறதென்று பார்க்க யாசீன் ஓத ஆரம்பித்தேன். இறந்தவர்களுக்காக ஓதும் குர்ஆன் அத்தியாயம் அது; முடிக்கக் கால் மணி நேரமாகும்.

“அத்தா, நிறுத்துங்க! அவரு இன்னும் மௌத்தாகல” என்றான் மகன்.

முழுதும் ஓதி முடித்தேன். ஒருவரும் வரவில்லை.

“வேற எங்கயும் பெட் இல்லத்தா. நெட்ல இதுக்கு நல்ல ரேட்டிங். சைன் பண்ணட்டுமா?”

வேறு வழி தெரியாமல் தலையாட்டிவிட்டேன். நாளை அண்ணனை அங்கே விடுகிறோம். என் கூடப்பிறந்த ஏழு பேரில் இன்னும் உயிரோடிருப்பது காதர் அண்ணன் மட்டும்தான்.