அம்மாசியின் வயது

12 ஜூன் 2025
ரத்த மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. மைக்ரோ ஆர்என்ஏக்களை அளப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. எந்த மரபணு எவ்வளவு பேசலாம் என்று அடக்கிவைக்கும் சின்னத் துணுக்குகள். வயது ஏற ஏறச் சில கூடும், சில குறையும்.

47ஆம் எண், எழுபது வயதுக்காரர்களோடு போய் நிற்கிறது. ஐசி என்ற அடையாள அட்டைப்படி அவருக்கு 61. அது யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஊசி குத்தும்போது அப்பாவின் கையைப் பிடித்திருந்தவள் நான்தான்.

13 ஜூன்
யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல டாக்டர் குணசுந்தரியிடம் கேட்டேன். “ஒருத்தர் ரத்தத்த வெச்சு ஆயுசு சொல்ல முடியாது லா. மொதல்ல வயச சரியா எழுதினாங்களான்னு பாரு.”

15 ஜூன்
ஐசியில் மனோகரன், 28 மார்ச் 1964. ஆனால் எஸ்டேட்டில் எல்லாருக்கும் அவர் அம்மாசி. அமாவாசையில் பிறந்ததால் வந்த பெயர். பழைய பஞ்சாங்கத்தைக் கைப்பேசியில் தேடினேன். அன்று பௌர்ணமி!

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வயதைக் குறைத்து எழுதியிருப்பார். அப்படியென்றால் உடம்பு முன்கூட்டியே தேய்ந்துவிடவில்லை. எழுபதாகவே இருக்கட்டும், சாமி.

22 ஜூன்
திகாம் பத்து ஊருக்குப் போய், அப்பாவுக்கு எழுபதா என்று கேட்டேன். அப்பாவின் அக்கா பிச்சையம்மாள் அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். “எழுபதா? எனக்கே அறுபத்தாறுதான்டி! உங்கப்பன் என்ன எனக்கு அண்ணனா?”

பிறகு சிரிப்பு நின்றது. மனோகரன் அப்பாவின் அண்ணனாம். மூன்று வயதில் காய்ச்சலில் போனவர்.

“எங்கப்பாவுக்கு மரம் விழுந்து காலு போச்சு. செக்ரோல்ல, ஆள் கணக்குல பேரு ஏறணும்னா பதினாறு ஆகணும். உங்கப்பனுக்குப் பன்னெண்டு. செத்தவனோட பொறந்த சூராவ, அந்த சர்டிபிகேட்ட எடுத்துக் கொடுத்தாங்க.”

நான்கு வயது கழிந்து ஐம்பத்தேழு. அப்பாவுக்கு ஐம்பத்தேழுதான். பன்னிரண்டு வயதில் களைக்கொல்லி மருந்து பம்ப்பை முதுகில் மாட்டியிருக்கிறார் — அந்த முதுகு எவ்வளவு இருந்திருக்கும்?

1 ஜூலை
கூட்டத்தில் முதன்முறையாக வாய் திறந்தேன். 47இன் வயது தவறு என்றேன். விதிப்படி நீக்கினார்கள். “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

24 ஜூலை
ஆடி அமாவாசை. அப்பா காக்கைக்குச் சோறு வைத்தார். தாத்தாவுக்கு என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“ரத்தம் வயசக் கூடக் காட்டுதுப்பா” என்றேன்.

“அவன் வயசையும் சேத்துல்ல வாழ்றேன்? கூடத்தான் காட்டும்.”

பிறகு வேலிப் பக்கம் பார்த்து, “வாடா மனோகரா” என்று காகத்தைக் கூப்பிட்டார்.