எப்சியைத் திரும்பக் கேட்ட வழக்கு

ஆம்பூர், 13.2.97

மறுபடியும் வாய்தா. வேலூர் கோர்ட்டில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தேன். எப்சி டூட்டியிலிருந்து நேராக, நர்ஸ் உடுப்போடு வந்திருந்தாள். காரணமில்லாமல் பிரிந்துபோன மனைவி திரும்பி வந்து என்னோடு வாழ வேண்டும், இவ்வளவுதான் நான் கேட்பது. கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. இருக்கிற உரிமையைக் கேட்டால் தப்பா?

அவள் தம்பி ஜெபசீலன் வராந்தாவில் எல்லார் காதிலும் விழும்படி, "பொண்டாட்டிய கூப்பிட கோர்ட்டு டவாலியையா அனுப்புவாங்க, மாமா?" என்றான். மறக்கமாட்டேன்.

6.4.97

ஆயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார், என்னைப் பார்த்தே. என்னைத் தலைமையாசிரியர் ஆகவிடாத கமிட்டியில் அவரும் ஒருவர். முதலில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

19.6.97

ஜெயித்துவிட்டேன்! என்னோடு இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று கூண்டில் ஏறிச் சொன்னாள். அது சட்டப்படி காரணம் ஆகாதாம்.

எதிர்வீட்டுத் தோல் வியாபாரி சர்தார் பாஷா, "இன்னா சார், கேஸ் கெலிச்சிட்டீங்களாமே. பிரியாணி எப்போ?" என்றார். சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று.

20.8.97

வரவில்லை. வக்கீல் ஜோனதன் சொல்கிறார்: "ஆளைக் கட்டி இழுத்துனு வர முடியாது சார். வரலைன்னா அவங்க சொத்த ஜப்தி பண்ணலாம்."

சொத்து என்றால் அவள் அம்மா அவளுக்கு விட்டுப்போன திருப்பத்தூர் வீடு. ஜெபசீலன் பிள்ளைகுட்டிகளோடு அதில்தான் இருக்கிறான்.

மனுப் போடச் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது? இந்த வீட்டில் என் செருமலுக்கு நானே திடுக்கிடுகிறேன்.

11.10.97

வந்துவிட்டாள். ஒரே ஒரு சூட்கேஸ். டீ போடட்டுமா என்று கேட்டேன் — நான்.

"வேணாங்க."

"ஏதாவது பேசேன், எப்சி."

"கோர்ட்டு வரச் சொல்லிச்சு, வந்துட்டேன். பேசணும்னு ஆர்டர்ல இருக்குதா?"

2.11.97

விடிகாலை ரயிலில் வேலூருக்கு வேலைக்குப் போகிறாள், இருட்டியபின் வீடு. வந்ததும் அவள் அறைக் கதவு சாத்திக்கொள்கிறது.

7.12.97

கத்திவிட்டேன். இன்னாதான் வேணும் உனக்கு, சொல்லித் தொலையேன்! அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மறைத்தாள். நான் கை ஓங்கவே இல்லை. அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அடித்ததே இல்லையே! பிறகு ஏன்?



14.12.97

"நீ வேலூருக்கே போ. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்றேன்.

"நாளைக்கே கோவம் வந்தா திருப்பி மனு போடுவீங்க. என் தம்பி தெருவுல நிப்பான்."

போடக்கூடியவன்தான் நான்.

இந்த வீட்டைவிட்டு அவள் போனால் உத்தரவை மீறியவள் ஆவாள். நான் போனால்?

வாணியம்பாடி, 18.1.98

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம். பள்ளிக்கு இங்கிருந்து பஸ்ஸில் போகிறேன்.

இப்போது காரணமில்லாமல் பிரிந்து வந்தவன் நான். அந்தச் சட்டப் பிரிவு கணவனுக்கும் மனைவிக்கும் பொது. என்னைத் திரும்பக் கேட்டு அவளும் வழக்குப் போடலாம்.

ஜோனதனிடம் புது விலாசத்தைக் கொடுத்தேன்.

"எதுக்கு சார்?"

"சம்மன் கிம்மன் வந்தா எனக்குத் தெரியணுமே."

அவர் எழுதிக்கொண்டார்.

போடமாட்டாள்.