பெட்டிக்குள் உங்கள் போன்

பாய், இன்று காலை ஓவன் கதவைத் திறந்ததும் வெந்த சிலிகோன் ரப்பரின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. "நம்ம ஊட்டு சாம்பிராணிங்க இது" என்பீர்களே, அதே வாடை. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். உங்கள் ஸ்டூலில் யாரோ டிபன் டப்பாவை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்ல வாயெடுத்தேன். வேறெங்கே வைப்பார்கள்?

கணபதி ஏரியாவில் நாம் இருவரும் இந்த ஷெட்டைப் போட்ட புதிதில் அன்னூரிலிருந்து வந்த என் சித்தப்பா, "வாஷர் கம்பெனியா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சிரித்துக்கொண்டே விளக்கினீர்கள். "சாதா ரப்பர் தண்ணியத்தானுங்க தடுக்கும். இதுல நிக்கல் தூள் கலந்திருக்குது, கரண்டு பாயும். மூடிக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவுல வெச்சு முடுக்கினா சிக்னல்கூட உள்ள போகாதுங்க." அவர் நம்பவில்லை. உங்கள் போனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, என்னைக் கூப்பிடச் சொன்னீர்கள். சத்தமே இல்லை. அன்றிலிருந்து அதுதான் நம் டெஸ்ட். எப்போதும் உங்கள் போன்தான், அதன் ரிங்டோன் பக்கத்துப் பட்டறை வரை கேட்கும் என்பதால். "சத்தம் வந்தா நாம தோத்தோமுங்க பார்ட்னர்."

ஒரு முறை தோற்றுக்கொண்டே இருந்தோம். ரப்பரை மாற்றி மாற்றிச் செய்தும் போன் அடித்தது. கடைசியில் நீங்கள் ரப்பர் உட்காரும் காடியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினீர்கள். உள்ளே பெயிண்ட். பெட்டி செய்து தருபவரைக் கேட்டால், "துரு புடிச்சுப்போடுமேன்னு ரெண்டு கோட்டு சேர்த்து அடிச்சுப்போட்டேனுங்க" என்றார் பெருமையாக. ரப்பர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் கரண்டு பாயும் என்று அவருக்கு நாம் சொல்லவேயில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஐசியூ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள், வாயில் குழாயோடு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காதருகே வைத்துக் காட்டினீர்கள், கூப்பிடச் சொல்லி. பழக்கதோஷம், கூப்பிட்டேன். என் பக்கத்தில் நின்ற அண்ணியின் பைக்குள் உங்கள் போன் அலறியது. உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. கையை இறக்காமல் காத்திருந்தீர்கள். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டார். மறுநாள் நீங்கள் இல்லை.

என்ன சொல்ல நினைத்தீர்கள் பாய்? எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. அந்தக் கண்ணாடியில் சுரண்டிப் பார்க்க துளி பெயிண்ட்கூட இல்லை.

போன வாரம் அண்ணி ஷெட்டுக்கு வந்து போனைக் கொடுத்தார். "இது இல்லாம டெஸ்ட் ஆகாதும்பாருங்க. நீங்களே வெச்சுக்குங்க." இன்று புது ரப்பரைப் பொருத்தி, போனை உள்ளே வைத்து, மூடியை முடுக்கிக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறீர்களாம். பையன்கள் கைதட்டினார்கள். பாஸ்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு திருகுகளைத் தளர்த்தி மூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். அடித்தது. தானாக நிற்கும்வரை அடிக்க விட்டேன். பிறகு இன்னொரு முறை கூப்பிட்டேன். நாம் தோற்கும் சத்தம்தான் பாய். நாளைக்கும் கேட்க வேண்டுமென்று சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.