மேடைக்கு முதுகு காட்டி நின்ற டூட்டி

ஆடி மாசம், சனிக்கிழமை.

பூட்ஸுக்குள்ள இன்னும் தண்ணி. குற்றாலத்துல சாரல் விடவே இல்லை. அந்தப் பாட்டுக்காரன் கச்சேரிக்கு பந்தோபஸ்து. நாலு மணி நேரம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். போலீஸுக்குக் கூட்டத்தைப் பாக்கிறதுதான் வேலை. தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல், எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. இதுக்கா சுரண்டையில இருந்தெல்லாம் வேன் பிடிச்சு வருதாங்க? வீட்டு டிவியில இவன் வந்தா நான் உடனே சேனலை மாத்திருவேன்.

கடைசிப் பாட்டுக்குக் கூட்டம் தடுப்புக் கயித்தை நெட்டிக்கிட்டு வந்துச்சு. லத்தியைக் குறுக்க பிடிச்சேன். மூணாவது வரிசையில என் வீட்டுக்காரர். புளியங்குடியில எலுமிச்சை லோடு ஏத்தணும், வர லேட்டாகும்னு காலையில சொன்ன மனுஷன். கண்ணை மூடிக்கிட்டு ஒரு வரி விடாம பாடுதாரு. கன்னத்துல வழிஞ்சது சாரல் மட்டும் இல்லை.

வீட்டுல சோறு போடுன்னு சொல்றதுக்கு மேல பேச்சு கிடையாது. பதினோரு வருஷத்துல இந்த முகத்தை நான் பாத்ததே இல்லை. அவர் கண்ணைத் திறக்கதுக்குள்ள வேற பக்கம் நகந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "லோடு போயிட்டா?"

"போயிட்டு."

தலை ஈரமா இருந்துச்சு. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போ தூங்குதாரு. போன்ல அந்தக் கடைசிப் பாட்டைத் தேடி எடுத்து, சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேக்கேன். மூணாவது தடவை ஓடுது. இன்னும் ஒண்ணும் புரியலை. மாத்தத்தான் கை வரலை.