ஒரு வள்ளம் தவிடு

புதுச்சத்திரம், 1937

பிப்ரவரி 3

மூன்று பிள்ளைகளை வாரிக்கொடுத்த வீடாம். நாலாவது தங்க வேண்டுமென்றால் ஒரு வள்ளம் அளந்து தவிடு வாங்கிக்கொண்டு பிறத்தியாருக்கு விற்றுவிட்டு, அதே தவிட்டைக் கொடுத்து மீட்க வேண்டுமாம். எமன் ஏமாந்துவிடுவான்! நான் தலைமையாசிரியர், என் வீட்டில் இந்தக் கூத்து. மூன்றாம் மாதத்தில் விற்றார்கள். மீட்பதற்குள் என் மனைவி சௌந்திரத்துக்கு நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரி. ஏழு மாதமாகப் பையன் குழந்தைவேல் இருப்பது, அவனை வாங்கிய, காட்டில் களை வெட்டப் போகிற அத்தாயியின் குடிசையில். நாளை சௌந்திரம் வருகிறாள். மறுநாள் பையன்.

பிப்ரவரி 5

அத்தாயி தன் கையாலேயே பிள்ளையைத் தாய் மடியில் வைத்துவிட்டுத்தான் தவிடு வாங்குவாளாம், அதுதான் முறையாம். முறையாவது மண்ணாங்கட்டியாவது! தவிடும் அளக்காமல் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இனி என் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே என்றும் சொன்னேன்.

சௌந்திரம் ஆசையாகக் கை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டான்.

பிப்ரவரி 6

அழுகை.

பிப்ரவரி 8

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கன்று மடியைத் தேடுகிறது, பிள்ளையும் அப்படித்தான். பால் எங்கேயோ பாசம் அங்கே. ஆசிரியர் சங்கத்தில் இதையே கட்டுரையாகப் படிக்கப் போகிறேன். அத்தாயிக்குப் பால் ஏது? பிள்ளை பெறாதவள். பால் கொடுத்தவள் பக்கத்துக் குடிசைப் பாவாயி. அவளை வரச்சொல்லியிருக்கிறேன். அடங்கிவிடுவான்.

பிப்ரவரி 9

பாவாயி வந்தாள். குடித்தான். வயிறு நிறைந்ததும் அவளை விட்டுத் தலையைத் திருப்பி, வாசலைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தான். அவளுக்குச் சிரிப்பு. "பாலு என்னுதுதானுங்க. ஆனா அவன் சிணுங்குனா ஓடியாறது அத்தாயி. முதுகுல கட்டீட்டுத்தான் களை வெட்டுவா."

இவளுக்கு என்ன தெரியும், தற்குறி! கட்டுரை இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது.

பிப்ரவரி 12

இப்போது அழுவதுகூட இல்லை. பாலும் வேண்டாம் என்கிறான். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அழுதபோது எரிச்சலாக இருந்தது. இது பயமாக இருக்கிறது.

"மூணு பேரைப் போக்குனது பத்தலீங்களா?" என்றாள் சௌந்திரம். "என்னை அம்மான்னு நெனைக்காட்டிப் போகுது. உசுரோட இருக்கோணும். அவளைக் கூட்டியாங்க."

நான் போவதா? அவள் குடிசைக்கா? — அடே, உன் மானம் பிள்ளையைவிடப் பெரிதா?

பிப்ரவரி 13

போனேன். அத்தாயி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாசலில் அவள் குரல் கேட்டதும் பையன் — அதை எழுத எனக்கு வராது.

"எளைச்சுப் போயிட்டயே, சாமி" என்று அவனை வாரிக்கொண்டாள். தவிட்டை நீட்டினேன். "இப்ப வேண்டாமுங்க. அவுங்கம்மாகிட்ட அவனாப் போவட்டும். அன்னைக்கு வாங்கிக்கறேன்."

பிப்ரவரி 28

தினமும் வருகிறாள். சௌந்திரத்தை ஒட்டி உட்காருகிறாள். பையன் சிணுங்கினால் எழுவதில்லை. "நீங்க எடுங்க அம்மிணி" என்கிறாள். பாடம் நடத்துவது அவள். தலைமையாசிரியர் கதவோரம் நின்று பார்க்கிறார்.

கட்டுரை என்னாயிற்று என்று சங்கக் காரியதரிசி கேட்டார். அடுப்புக்கு ஆயிற்று.

மார்ச் 21

மதியம் சேலம் பஸ் எங்கள் வாசலில் ஹாரன் அடித்தது. பையன் மிரண்டு, அலறிக்கொண்டு தவழ்ந்தான். அத்தாயி ஓரெட்டுத் தூரத்தில்தான் இருந்தாள். அவளைத் தாண்டிப் போய்ச் சௌந்திரத்தின் சேலையைப் பிடித்தான்.

அத்தாயி எழுந்து முந்தானையை உதறினாள். பிறகு, "தவிடு அளங்க" என்றாள்.

அரிசியாகவே தருகிறேன் என்றேன்.

"நான் அரிசிக்கா புள்ளையை வாங்குனேன்?"

நானே அளந்தேன். முந்தானையில் வாங்கிக்கொண்டு, பிள்ளை பக்கம் திரும்பாமல் போனாள். நாளைக்கும் வா என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது? காலி வள்ளத்தோடு வாசலிலேயே நின்றேன்.