சோளக்கதிருக்குப் பின்னால்

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் நலம். நீயும் ஓவியாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே மஸ்கட்டில் மலையைப் படம் எடுக்கும்போது, முன்னால் ஒரு பாறையும் தெரியட்டும் என்று பின்னால் நகர்ந்து சறுக்கிவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

நேற்று ஓவியா பள்ளிப் போட்டிக்கு எடுத்த படத்தை அனுப்பினாள். கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே அளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்படியே எடுத்திருக்கிறாள். முன்னால் நாரணாபுரத்துச் சோளக்கதிர், மேலே கருமேகம், பின்னால் வெடிக் கம்பெனி. பெரிதாக்கிப் பார்த்தேன். மழைக்குப் பயந்து, காயப்போட்ட வெடியை எல்லாம் ஒரே ரூமுக்குள் குவிக்கிறார்கள். நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாத ரூம் வாசலில் ஒன்பது பேர். அதில் ஒருத்தி சேலைக்கு மேல் என் பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டிருக்கிறாள். பையில் நீ தைத்த சிவப்பு ஒட்டுகூடத் தெரிகிறது.

“நான் கம்பெனிக்குப் போறதே இல்ல, கவலப்படாதீக” என்று போன வாரம்தானே சொன்னாய்?

உடனே ஓவியாவைக் கூப்பிட்டு, அம்மா எங்கே என்று கேட்டேன்.

“அம்மா சோறு வடிக்காக. ஏம்ப்பா?” என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. படம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தன் படம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அதனால்தான் போனில் கேட்காமல் எழுதுகிறேன்.

இதைக் கொண்டுவரும் சங்கிலிமுத்து அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிட்டார், வாசலில் வண்டி நிற்கிறது. அவர் திரும்பும்போது கொஞ்சம் காராச்சேவு கொடுத்துவிடு. அந்தச் சட்டையையும் கொடுத்துவிடு. எனக்கு இங்கே போட வேறு சட்டை இல்லை.

முத்துப்பாண்டி