குதிரை வயிற்றுவலியைத் தின்ற கழுதை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மூதூரில் மழையா? இங்கே நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

மாம்புரிக்கு வந்த நாள் முதல் உங்கள் மூத்த மகள் ஃபஸ்னா ராத்தாவிடம் குதிரை நோய்களைப் பற்றிக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. மிருக வைத்தியராகப் பதிவதற்கான பரீட்சையில் போன தடவை அவரைக் கவிழ்த்தது குதிரையின் வயிற்றுவலிதான். இன்று ராத்தா அசர் தொழுதுவிட்டு வருவதற்குள், வேலிக்கு மேலால் தலையை நீட்டிய தெருக்கழுதை ஒன்று அந்த நோயின் அறிகுறிகளை எழுதி வைத்திருந்த தாளையே தின்றுவிட்டது.

“ஸும்றா, தாள் எங்கடி?”

“கழுதைட வயித்துக்குள்ள, ராத்தா.”

“அல்லாஹ்! அதுக்கு வயித்துவலி வந்தா?”

ராத்தா ஓடிப்போய் அதன் விலாவில் காதை வைத்தார். “குடல் சத்தம் கேக்குது. காலால நிலத்தக் கிண்டல்ல. விலாவத் திரும்பிப் பார்க்கல்ல. உருளவும் இல்ல.” தாளில் இருந்த ஓர் அறிகுறியையும் ராத்தா சொல்லாமல் விடவில்லை! மஃரிப் தொழுகைக்கு முன் கழுதை விட்டை போட்டது. குடல் அடைக்கவில்லை என்று ராத்தா கைதட்டினார். நான் முழுப் புள்ளி போட்டேன்.

திங்கட்கிழமை பரீட்சை, துஆச் செய்யுங்கள். உம்மா, உங்கள் தலையணை உறையைத் தபாலில் அனுப்புங்கள். கழுவ வேண்டாம், உங்கள் வாசம் போய்விடும். இன்னும் எழுத இருந்தது, ராத்தா லைட்டை அணைத்துவிட்டார்.

ஸும்றா